கட்டைவிரல் துள்ளியதும் பேரத்தை முறித்த ஹாஜா மைதீன்

இன்று தஞ்சாவூரில் யாரைச் சந்தித்தேன் தெரியுமா? குடவாசல் ஆமினாவை! அவர் சொல்லச் சொல்லச் சிரித்தேன், அழுதேன், பஸ்ஸிலேயே எழுத ஆரம்பித்துவிட்டேன்.

ஆமினாவின் கணவர் ஹாஜா மைதீன் மாட்டுத் தரகர். துண்டுக்கடியில் கை கோத்து, விரலைப் பிடித்துத்தான் விலை பேசுவார். பக்கத்தில் நிற்பவனுக்கும் தெரியாது. அவர் கட்டைவிரல் அழுந்தினால் வியாபாரம் முடிந்தது. டிராக்டர் வந்து சந்தை மெலிந்தது, மகன் ஜாஃபர் சாதிக் ஷார்ஜாவுக்குப் போனான், போன வருஷம் இவருக்கு மறதி வந்தது.

ஒருநாள் தோசை வைத்த ஆமினாவையே நிமிர்ந்து பார்த்து, "நீ யாரு வீட்டுப் பொண்ணும்மா?" என்றார்.

"உங்க மாமனார் வீட்டுப் பொண்ணுதான்" என்று சமாளித்த ஆமினா, கொல்லைக்குப் போய்த்தான் அழுதார்.

மண்டையைத் திறக்காமல், மேலே காந்தச் சுருளை வைத்து மூளையைத் தூண்டும் சிகிச்சை இருப்பதாக ஜாஃபர் போனில் சொன்னான். தஞ்சாவூர் நரம்பு டாக்டர் பிரதீபா எதையும் ஒளிக்கவில்லை. "குணமாயிடும்னு சொல்ல மாட்டேம்மா. சிலருக்குக் கொஞ்சம் தெளிவு வருது, இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்கு. ஆனா தினமும் வந்து அசையாம உக்காரணும்."

முதலில் எவ்வளவு பலமாகத் தூண்டுவது என்று அளவு பார்க்க வேண்டும். சுருள் சரியான இடத்தில் 'டிக்' என்றதும் கட்டைவிரல் தானாகத் துள்ளும். நேற்று துள்ளியது. ஹாஜா மைதீனும் நாற்காலியிலிருந்து துள்ளினார்.

"யாருய்யா என் விரலால விலைய முடிச்சது? மாடு விக்கிறதுக்கில்ல! பேரம் ரத்து!"

வாசல்வரை போய்விட்டார். உட்காராவிட்டால் ஆரம்பிக்கவே முடியாது என்றார் டாக்டர்.

இன்று ஆமினா ஒரு துண்டோடு வந்தார். சந்தைப் பக்கமே போகாத பெண்மணி, கணவர் கைமேல் அதைப் போட்டு, தன் கையை உள்ளே விட்டு, குரலைக் கனமாக்கிக்கொண்டார். "என்ன பாய், காளை என்ன விலை?"

ஹாஜா மைதீன் முகம் மலர்ந்து உட்கார்ந்தார். ஆமினா கைக்கு வந்த விரலையெல்லாம் பிடித்தார். ஹாஜா மைதீன் தடவிப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார்.

"இது யாவாரி கை இல்லையே. அடுப்புல சுட்ட தழும்புல்ல இருக்கு? ஏய் ஆமினா! உனக்கெதுக்குடி காளை?"

ஆமினா டாக்டர் பக்கம் திரும்பினார். "டாக்டரம்மா, மெஷின் வேலை செய்யுது!"

"அம்மா, நான் இன்னும் சுவிட்சே போடல."

"அப்ப போடுங்க, சீக்கிரம்!"

டிக். "துள்ளிச்சு!" என்று துண்டுக்குள்ளிருந்து தகவல் சொன்னார் ஆமினா.

"அது நான் சொன்ன விலை இல்ல."

"தெரியுங்க, மெஷின் சொன்னது. நாம தனியாப் பேசிக்குவோம்."

கடைசிவரை அவர் எழுந்திருக்கவே இல்லை. வெளியே வந்ததும் மறுபடியும், "நீ யாரும்மா?"

"காளை வாங்க வந்தவ."

"இன்னிக்கு விலை படியல. நாளைக்கு இங்கயே வா."

நாளைக்கு அவராகவே வருகிறாராம்! ஆமினா அதைச் சொல்லும்போது முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

உங்கள் வீட்டில் யாருக்காவது மறதி கூடினால், வயசாகிவிட்டது என்று விடாமல் நரம்பு டாக்டரிடம் காட்டுங்கள். இதை நாலு பேருக்கு அனுப்புங்கள். குடவாசல் பக்கம் போனால் ஆமினாவையும் ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள். பேச்சுத் துணைக்கு ஏங்குகிறார்.