மிக வலுவான பாஸ்வேர்டு

மாநில எல்லையோரம் இருக்கும் ஜூஜுவாடியில் ஆன்லைன் சென்டர் நடத்துவது என்றால், அடுத்தவர்கள் மறந்துபோனதை எல்லாம் நாம் ஞாபகம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது என்று பொருள். ஒரு பெரிய எழுத்து, ஒரு சின்ன எழுத்து, ஒரு எண், ஒரு சிறப்புக் குறி என்று கேட்டு நம் பொறுமையைச் சோதிக்கும் தளங்களோடு நீங்களும் மல்லுக்கட்டியிருப்பீர்கள். நீங்கள் வருடத்துக்கு நாலு முறை படும் பாட்டை நான் தினமும் நாற்பது முறை படுகிறேன். போன மாதம் இந்தக் கூத்தில் நஸ்ரின் என்ற பெண்ணின் நர்சிங் சீட்டே போயிருக்கும். அதற்கு முன்னால், நான் எப்படிப்பட்ட உலகத்தில் பிழைக்கிறேன் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

பேர் ஆகாது

பேரிகையிலிருந்து முனியப்பா வந்தார். வீட்டில் தெலுங்கு, என்னிடம் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். சொட்டுநீர்க் குழாய்க்கு விண்ணப்பிக்க வேண்டும். பாஸ்வேர்டு என்ன வைக்கலாம் என்று கேட்டேன். "எம் பேரையே போடும்மா, மறக்காது" என்றார். போட்டேன். பெயர் இருக்கக் கூடாது என்று சிவப்பில் எழுதிக் காட்டியது. பிறந்த வருடம் போட்டேன், அதுவும் கூடாது. ஊர்ப் பெயரைப் போட்டால் எளிதில் யூகிக்கலாமாம். பேரிகை என்று ஓர் ஊர் இருப்பதையே இவர்கள் எங்கே யூகித்தார்கள் என்று எனக்கு ஆச்சரியம்.

முனியப்பா திரையை முறைத்துப் பார்த்தார். "நெலம் எம் பேர்ல, போர் எம் பேர்ல, கரண்டு எம் பேர்ல. பாஸ்வேர்டுல மட்டும் எம் பேரு ஆகாதாம்மா?"

பாதுகாப்பு வாரம்

இங்கே ஒரு கம்பெனியில் லீவு வேண்டுமென்றால் ஆன்லைனில்தான் கேட்க வேண்டும். பாஸ்வேர்டை மாதாமாதம் மாற்ற வேண்டும். பழைய பத்தில் எதையும் திரும்ப வைக்கக் கூடாது. எங்கும் எழுதியும் வைக்கக் கூடாது. பத்து மணி நேரம் மெஷின் முன்னால் நிற்கிறவன் இதையெல்லாம் மண்டையில் வைத்திருப்பான் என்று ஏசி ரூமில் யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். பையன்கள் மண்டைக்கு அடுத்தபடி நம்பகமான இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். ஹெல்மெட்டின் உள்பக்கம் மார்க்கர் பேனாவால் எழுதி வைத்தார்கள்.

பாதுகாப்பு வாரம் வந்தது. பழைய ஹெல்மெட்டை எல்லாம் அள்ளிக்கொண்டு போய், பளபளவென்று புதிது கொடுத்தார்கள். அன்று சாயங்காலமே ஒரே ஷிப்டிலிருந்து ஆறு பேர் என் கடை வாசலில் நின்றார்கள். எல்லாருக்கும் ஊருக்குப் போக லீவு வேண்டும். அதில் ஒருவன், திருநெல்வேலிக்காரன், தலையைத் தடவிக்கொண்டே சொன்னான்: "தலைக்கு ஒண்ணும் ஆகலக்கா. உள்ள இருந்ததுதான் போயிட்டு."

ஒரே சாவி

இப்போது என் வண்டவாளத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்தத் தொல்லை தாங்காமல், எல்லா விதிக்கும் சரியாக வரும் ஒரே பாஸ்வேர்டைக் கண்டுபிடித்து, வருகிற எல்லாருக்கும் அதையே போட்டுக்கொண்டிருந்தேன். மறந்துவிட்டேன் என்று யார் வந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பேன், திறக்கும். என்னைப் பெரிய கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டார்கள். நானும் மறுக்கவில்லை.

நாகரசம்பட்டியில் மாந்தோப்பு வைத்திருக்கும் கோவிந்தராஜ் மட்டும் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். முன்னால் போனவருக்கும் இதே இடத்தில்தான் விரல் ஓடியது என்று கண்டுபிடித்துவிட்டார். "அப்போ நாகரசம்பட்டியில இருந்து ஜூஜுவாடி வரைக்கும் எல்லா வூட்டு சாவியும் உங்ககிட்டதான் இருக்குதுங்களா?"

நாலு நாற்பது

அந்தக் கேள்வி என்னைச் சுட்டுவிட்டது. அன்றிலிருந்து ஆளுக்கொரு பாஸ்வேர்டு, சீட்டில் எழுதிக் கையில் கொடுத்துவிடுவது என்று திருந்தினேன். திருந்திய பிறகு வந்த முதல் ஆள் நஸ்ரின். பக்கத்தில் பழைய டயர் வியாபாரம் செய்யும் காதர் பாயின் மகள். நர்சிங்குக்கு விண்ணப்பித்தோம். சீட்டை காதர் பாயிடம் கொடுத்தேன். பத்திரமாக வைத்தார். எங்கே வைத்தார் என்பதுதான் அவருக்கும் தெரியவில்லை.

போன மாதம் அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. அன்று சாயங்காலம் ஐந்து மணிக்குள் தளத்துக்குள் போய் சம்மதம் என்று அழுத்தாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். அப்பாவும் மகளும் ஓடி வந்தபோது மணி நாலேகால். பதற்றத்தில் என் பழைய சாவியையே அடித்தேன். மூன்று முறை. கணக்கு முடங்கியது. நஸ்ரினின் முகம் வெளுத்துப்போனது. எனக்கு அழுகையே வந்துவிட்டது, தப்பு என்னுடையது.

திறக்க ஓடிபி வேண்டும். அது போகிற நம்பர் நஸ்ரினின் அண்ணனிடம். அவன் எல்லைக்கு அந்தப் பக்கம், பொம்மசந்திராவில் வேலையில் இருந்தான். அந்தக் கம்பெனியில் போனை கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். காதர் பாய் விடாமல் போன் அடித்தார். கடைசியில் கேட்டில் இருந்த செக்யூரிட்டி எடுத்தார். எனக்குத் தெரிந்த கன்னடத்தில் கெஞ்சினேன், திரையில் வந்திருக்கும் ஆறு எண்ணை மட்டும் படியுங்கள் என்று. அவர் நிதானமாகக் கேட்டார்: "யாருக்கும் ஹேளபேடி, சொல்லாதேன்னு இதுலயே போட்டிருக்கே. நான் எப்படிம்மா சொல்றது?"

நாட்டிலேயே அந்த எச்சரிக்கையை முழுதாகப் படித்த ஒரே மனிதர் அன்றைக்கென்று எங்களுக்கு வாய்த்தார். காதர் பாய் தன் மகன் பெயர், கம்பெனி டோக்கன் நம்பர், குடும்பக் கதை எல்லாம் சொன்ன பிறகுதான் ஆறு எண்ணும் கன்னடத்தில் வந்தது. மணி நாலு நாற்பது.

இனி புது பாஸ்வேர்டு. வைத்தேன், பழையதைப் போல இருக்கிறதாம். மாற்றினேன், ஒரே எழுத்து அடுத்தடுத்து வருகிறதாம். இன்னொன்று, வலு போதாதாம். நாலு ஐம்பத்திரண்டு. அப்போது நஸ்ரின் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு படபடவென்று அடித்தாள். பச்சையில் வந்தது: மிக வலுவானது. உள்ளே போனாள், சம்மதம் என்று அழுத்தினாள். ஐந்துக்கு நாலு நிமிடம் இருந்தது. காதர் பாய் "அல்ஹம்துலில்லாஹ்" என்று ஸ்டூலில் உட்கார்ந்தார். எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

என்ன போட்டாய், சொல்லு, நோட்டில் எழுதி வைக்கிறேன் என்றேன். அவள் என் காதருகே குனிந்தாள். "வேணாங்க்கா, மறக்கவே மாட்டேன். இந்த வெப்சைட்டை செஞ்சவனுக்கு என் வாயில வந்தது அது. அத்தா பக்கத்துல உக்காந்திருக்காரு, சொல்ல முடியாது."

இத்தனை வருடத்தில் எல்லா விதிக்கும் உட்பட்டு, எவராலும் யூகிக்க முடியாமல், வைத்தவருக்கும் மறக்காமல் அமைந்த ஒரே பாஸ்வேர்டு அதுதான், அந்தத் தளத்தை உருவாக்கியவர்களுக்கு இது சமர்ப்பணம்.