சாயாவில் போட்ட உப்பு

“ஒரு கல்லு உப்புகூடச் சேக்கல சிஸ்டர்” என்றாள் என்னிடம், வார்டில் கால் வீங்கிக் கிடந்தவரின் மனைவி. சொல்லிக்கொண்டே பிளாஸ்க்கைத் திறந்தாள். பால் சேர்க்காத கட்டன்சாயாவின் மணம் என்னைச் சின்னக்கானல் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக்கே கொண்டுபோய்விட்டது.

அப்போது எனக்குப் பத்து வயது. அப்பாவுக்கும் இப்படித்தான் கால் வீங்கியிருந்தது. சாப்பாட்டில் உப்பே கூடாதென்று எஸ்டேட் ஆஸ்பத்திரி சிஸ்டர் சொல்லியிருந்தார். அம்மா கஞ்சிக்கும் குழம்புக்கும் உப்பை நிறுத்தினாள். அப்பா முகம் சுளித்தபடி விழுங்கினார். ஆனாலும் வீக்கம் முழங்கால்வரை ஏறியது.

ஒருநாள் சிஸ்டர் வீட்டுக்கே வந்துவிட்டார். “பொய் சொல்லாத. பாவம்னு கொஞ்சம் போட்டுக் குடுக்குறியா?”

“மாதா சத்தியமா இல்ல சிஸ்டர்.” என்றாள் அம்மா.

படுத்தால் மூச்சு முட்டுமென்று அப்பா சுவரில் சாய்ந்திருந்தார். வந்தவருக்கு நான் சாயா ஊற்றிக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

“இதுல உப்பு யாரு போட்டது?”

“நான்தான். எப்பவும் போடுறதுதானே.”

எங்கள் வீட்டில் சாயாவுக்குச் சர்க்கரை கிடையாது, உப்புதான். அப்பா ஒரு நாளைக்கு ஏழெட்டு டம்ளர் குடிப்பார். அதுவும் சாப்பாட்டில் சேர்த்தி என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. சிஸ்டர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

பிளாஸ்க்கோடு நின்ற இந்த அம்மாளிடம் நான் சத்தியம் கேட்கவில்லை. ஒரு டம்ளரை நீட்டி, “எனக்கும் கொஞ்சம் ஊத்துங்க” என்றேன்.