சாஸ்தா கோயிலுக்கு ஒரு ஜீப்

என் பெரியப்பா மகன் ஜீப் வாங்கிவிட்டான் என்று கேள்விப்பட்ட அன்றைக்கே எனக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது. இதைச் சொல்ல இப்போது வெட்கமில்லை. அவன் என்னைவிட ஆறு மாதம்தான் மூத்தவன். அந்த ஆறு மாதத்துக்காக ஆயுள் முழுக்க அவனை அண்ணன் என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். சைக்கிள் அவனுக்குத்தான் முதலில் வந்தது, ஸ்கூட்டரும் அப்படியே. தொண்ணூறுகளின் நடுவில் ஜீப். போதாதா?

எங்கள் இரண்டு வீட்டுக்கும் குலதெய்வம் ஒரே சாஸ்தா. களக்காட்டுக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருக்கிறார். யார் எந்த ஊரில் வேலை பார்த்தாலும் பங்குனி உத்திரத்துக்கு அங்கே வந்து பொங்கலிட்டாக வேண்டும். பஸ் ஊரோடு நின்றுவிடும். அதற்கப்புறம் வண்டித்தடம், கடைசியில் ஓர் ஓடை. பங்குனியில் கணுக்கால் தண்ணீர்தான் ஓடும். ஆனால் மணல் சக்கரத்தை விழுங்கிவிடும். காரும் வேனும் இக்கரையோடு சரி. நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற ஜீப் மட்டும்தான் அக்கரை ஏறும். அவன் ஜீப் ஏறியது. அதுவும் என் அம்மாவை முன் சீட்டில் வைத்துக்கொண்டு ஏறியது. நான் பொங்கல் பானையையும் விறகுக்கட்டையும் சுமந்துகொண்டு பின்னால் நடந்து போனேன்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. அவளைக் குறை சொல்ல முடியாது. ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அவள் வாய் ஓயவில்லை.

"என்ன சொகம்லே! அவன் எம்புட்டு பைய ஓட்டுதான் தெரியுமா? ஒரு குலுக்கம் இல்ல. பெத்த பிள்ளகூட இப்படிப் பாத்துக்கிட மாட்டான்."

பெற்ற பிள்ளை அங்கேயேதான் ஓடை மணல் ஒட்டிய வேட்டியோடு நின்றுகொண்டிருந்தேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்த உத்திரத்துக்கு அம்மா என் வண்டியில்தான் அந்த ஓடையைத் தாண்ட வேண்டும், சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் கரையில் நின்று பார்க்க வேண்டும் என்று அப்போதே முடிவு செய்தேன்.

நான் பாளையங்கோட்டையில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர். புது வண்டி இருக்கிற பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாது. பழசுதான் கட்டுப்படியாகும். அதிலும் அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகள், நான் என்று ஐந்து பேர் உட்கார வேண்டும். மாதம் ஒருமுறை ஒர்க்‌ஷாப்பில் போய்ப் படுத்துக்கொள்ளவும் கூடாது.

அவனுக்கு எப்படியோ மூக்கில் வேர்த்துவிட்டது. ஒருநாள் காலையில் வீட்டுக்கே வந்து நின்றான்.

"ஏலே, ஜீப் பாக்கியாமே? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? நான் வந்து அடியில படுத்துப் பாத்துச் சொல்லுதேன். மேல பெயிண்டப் பாத்து ஏமாந்துராத."

"வேண்டாம்ணே, முடிஞ்சிட்டு. அட்வான்ஸ் குடுத்தாச்சு" என்றேன். பச்சைப் பொய். அதுவரை நான் ஒரு வண்டியைக்கூடப் பார்த்திருக்கவில்லை.

அவன் போனதும் என் மனைவி கேட்டாள்: "நீங்க வண்டி வாங்கப் போறியளா, அத்தானோட மல்லுக்கட்டப் போறியளா?"

மெக்கானிக் யாரையாவது கூட்டிக்கொண்டு போகவும் எனக்குப் பயம். டவுனிலும் சரி, ஜங்ஷனிலும் சரி, அவனுக்குத் தெரியாத மெக்கானிக் கிடையாது. சாயங்காலத்துக்குள் செய்தி அவன் காதுக்குப் போய்விடும். ஆகவே நானே நிபுணன் ஆனேன். புகை நீலமாக வந்தால் என்ஜின் ஆயில் குடிக்கிறது என்று தெரிந்துகொண்டேன். மகனின் காந்தத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அலைந்தேன். அது தகரத்தில் ஒட்டாத இடத்தில் துருவை மறைத்துப் பட்டி பூசியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அம்பாசமுத்திரத்தில் பார்த்த வண்டியில் காந்தம் ஒட்டவே இல்லை. தென்காசியில் பார்த்தது ஸ்டார்ட் செய்ததும் தெருவையே நீலமாக்கியது. மூன்றாவது வள்ளியூரில், கல்யாண மண்டபம் வைத்திருந்த ஒருவருடையது. அடேயப்பா! காந்தம் பட்டென்று ஒட்டியது. புகையே இல்லை. டயரில் தரையைப் பிடிக்கிற பட்டன் தேயவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அவனுடையதைவிட இரண்டு வருடம் புதிய மாடல். அதோடு என் புத்தி போய்விட்டது.

"முன் கியரப் போட்டுப் பாருங்க சார், வெண்ணெயா விழும்" என்றார் புரோக்கர் அண்ணாச்சி. நான்கு சக்கரத்தையும் சேர்க்கிற சின்ன கியர்க்கம்பியை இழுத்தேன். வெண்ணெயேதான். தார் ரோட்டில் அது வேலை செய்கிறதா என்று தெரியாது. கீழே படுத்துப் பார்த்திருக்க வேண்டும். ஆனால் அன்று வெள்ளிக்கிழமை. நல்ல காரியமாயிற்றே என்று சலவை வேட்டி கட்டிப் போயிருந்தேன். பத்தரைக்கு ராகு காலம் ஆரம்பம், மணியோ பத்தேகால். "இப்பமே முடிச்சிருங்க சார். ராகு காலத்துல நான் கை நீட்டி வாங்க மாட்டேன்" என்றார் அண்ணாச்சி. எனக்கும் ராகு காலத்தில் கொடுக்க மனசில்லை. பத்து இருபத்தைந்துக்குப் பணம் கைமாறியது. வேட்டியில் ஒரு பொட்டு அழுக்கு இல்லை.

பங்குனி உத்திரம் வந்தது. அம்மா என் ஜீப்பில் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தாள், மடியில் பூக்கூடை. அவன் எங்களுக்கு முன்னாலேயே ஓடையைத் தாண்டி, அக்கரையில் சொந்தக்காரர்களோடு நின்றுகொண்டிருந்தான். நல்லா பார்த்துக்கொள் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, கியர்க்கம்பியை இழுத்து, ஒரே மிதியாக மிதித்தேன்.

பாதி ஓடையில் ஜீப் நின்றுவிட்டது. முன் சக்கரம் இரண்டும் அசையவே இல்லை. பின் சக்கரங்கள் மட்டும் மணலைத் தோண்டிக்கொண்டு கீழே போயின.

"என்னலே ஆச்சு?" என்றாள் அம்மா, பூக்கூடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு.

கரையில் ஒருவர், "புது மாடல்லா வே!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நாண்டுகொண்டு சாகலாம் போலிருந்தது.

அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடையில் இறங்கி வந்தான். தண்ணீரிலேயே மல்லாந்து வண்டிக்கு அடியில் போனான். வெளியே வந்து என் முகத்தைப் பார்த்தான். எல்லாம் தெரிந்துவிட்டது என்று அந்தப் பார்வையிலேயே புரிந்தது. சொல்லித் தொலைக்கட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"சிரிக்காதீங்க வே!" என்று கரையைப் பார்த்துக் கத்தினான். "அடியில பெரிய கல்லு மாட்டிருக்கு. எவன் வண்டியா இருந்தாலும் நின்னிருக்கும். கயித்தக் கொண்டாங்க!"

கயிற்றைக் கட்டும்போது என் காதருகே குனிந்தான். "டீசல் மிச்சம் பிடிக்க முன் ஷாஃப்டக் கழத்திட்டான்லே, வித்தவன். கியர் விழும், முன் சக்கரம் இழுக்காது. பெறவு நாம மாட்டிக்கிடலாம். சித்திக்குத் தெரிய வேண்டாம்."

அவன் ஜீப் இழுக்க, என் ஜீப் பின்னாலேயே அக்கரை ஏறியது. நான் ஆசைப்பட்டபடியே அம்மா என் வண்டியில்தான் ஓடையைத் தாண்டினாள். பொங்கல் பொங்கியதும் ஒவ்வோர் இலையாகப் பரிமாறிக்கொண்டே எல்லோரிடமும் சொன்னாள்: "கல்லு மாட்டிட்டு பாத்துக்கோ. இல்லாட்டி ஜம்முனு வந்திருக்கும். எம்மவன் பாத்துப் பாத்து வாங்குன வண்டில்லா!"

"ஆமா சித்தி, நல்ல வண்டி" என்றான் அவன், வாயில் பொங்கலோடு.

நான் யோசித்துப் பார்த்தேன். மணலில் புதைந்தது அவன் வண்டியாக இருந்து, கீழே படுத்துப் பார்த்தது நானாக இருந்தால்? எழுந்திருப்பதற்கு முன்னாலேயே, "ஷாஃப்டே இல்ல வே!" என்று கரைக்குக் கேட்கும்படி கத்தியிருப்பேன். அந்த இலையின் முன்னால் உட்கார்ந்து எத்தனை தடவை நினைத்துப் பார்த்தும் கத்தத்தான் செய்தேன். ஒரு தடவைகூடக் கல் என்று என் வாயில் வரவில்லை. வயிறு முன்னைவிட அதிகமாக எரிந்தது. ஷாஃப்டைக் கடனை உடனை வாங்கியாவது மாட்டிவிடலாம். படுபாவி, இதற்கு நான் எங்கே போவேன்?