ஃபக்ருன்னிசா சொன்ன ‘லை’

ஃபக்ருன்னிசா சட்டியைக் காதருகே தூக்கி விரல் முட்டியால் தட்டுவாள். ‘ணங்’ என்றால் நல்ல சட்டி; ‘தொப்’ என்றால் எங்கோ கீறல். தட்டிய கையோடு உதட்டுக்குள் இங்கிலீஷும் ஓடும். “லைட்டு, வெளிச்சம். லைக்கு, பிடிக்கும். லைப்பு, வாழ்க்கை. லை, பொய்.” பர்மாவின் க்யிம்யிண்டைங் சந்தையில் இருந்த அவள் கடைக்கு த்வாண்டே ஊர் மண்பாண்டம் வாங்க வந்தவர்கள், இவள் யாரோடு பேசுகிறாள் என்று சட்டிக்குள் எட்டிப் பார்ப்பார்கள்.

எல்லாம் புருசன் ஜாபரால் வந்தது. நிக்காஹ் முடிந்த சில வாரங்களில் சிட்னி ரொட்டி ஆலை வேலைக்குத் திரும்பிவிட்டான். அப்புறம் குடும்பம் ஃபோனில்தான். மனைவியைக் கூப்பிட்டுக்கொள்ள விசாவுக்கு எழுதிப்போட்டான். நேர்காணலுக்கு நாள் குறித்தார்கள். “இங்கிலீஷ்லயே பதில் சொல்லு புள்ள, அப்பத்தான் நம்புவாங்க” என்று சொல்லிவிட்டான். அவள் பான்சோடான் தெரு நடைபாதையில் ஓர் அச்சுத்தாள் வாங்கிவந்து கடைச் சுவரில் ஒட்டினாள். ஒரே எழுத்துகளில் தொடங்கும் இங்கிலீஷ் சொற்கள் வரிசை வரிசையாக. எதிரே பர்மியப் பொருள்.

சங்கடம் நாக்கில் இருந்தது. பர்மியப் பள்ளிக்கூடத்தில் பழகிய நாக்கு இங்கிலீஷ் சொல்லின் வாலை விழுங்கிவிடும். வீட்டுத் தமிழ் நாக்கோ அந்த வாலில் ஓர் ‘உ’வை ஒட்டும். நிதானமாகச் சொன்னால் லைட்டு, லைக்கு, லைப்பு. பதற்றம் வந்தால் வெளிச்சம், விருப்பம், வாழ்க்கை, பொய் எல்லாமே ‘லை’.

போதாததற்குப் பொருளும் குழப்பியது. பக்கத்து அரிசிக்கடை ஹாஜரா அக்காவிடம் ஓடுவாள்.

“ராத்தா, ‘லைக்கு’ன்னா பிடிக்கும்னு போட்டிருக்கு. பக்கத்துலயே ‘மாதிரி’ன்னும் போட்டிருக்கு. நான் ஒண்ணு சொல்ல, அவங்க ‘புருசன் மாதிரி ஒருத்தர்’னு எழுதிக்கிட்டா?”

“அப்ப அந்தச் சொல்லே வேணாம், விட்டுரு.”

“வேற சொல்லு தெரியாதே ராத்தா!”

நேர்காணல் அறையில் கண்ணாடி போட்ட வெள்ளைக்கார அம்மாள். பக்கத்தில் மொழிபெயர்க்க தோ சான் யி என்ற பர்மியப் பெண்மணி. “இங்கிலீஷ், இங்கிலீஷ்” என்று ஃபக்ருன்னிசா கையை ஆட்டிவிட்டதால் தோ சான் யி சும்மா உட்கார்ந்திருந்தார். பெயர், ஊர், கல்யாண நாள்வரை சரியாகப் போயிற்று. பிறகு அந்த அம்மாள் பேனாவை வைத்துவிட்டு, இந்த அறையில் சிலர் பொய் சொல்கிறார்கள் என்று எதையோ நீளமாகச் சொல்லி, “டூ யூ லை?” என்று முடித்தார்.

நீளமாகச் சொன்னதில் ஒன்றும் பிடிபடவில்லை. கடைசிச் சொல் மட்டும் தெரிந்த சொல். பிடிக்குமா என்று கேட்கிறார்!

“யெஸ் மேடம். வெரி வெரி லை.”

அம்மாளின் புருவம் ஏறியது. “அண்ட் யுவர் ஹஸ்பண்ட்?”

“ஹஸ்பண்ட் ஆல்சோ லை. மீ லை, ஹீ லை.” நம்பிக்கை போதவில்லையோ என்று நெஞ்சில் கைவைத்து, வாழ்நாள் முழுக்க என்ற அர்த்தத்தில், “ஆல் மை லை, மேடம்!” என்றாள்.

பேனா மறுபடி எழுந்தது. எழுதும் வேகத்தைப் பார்த்ததும் அவள் நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள். எங்கே தப்புச் செய்தோம்? தமிழில் ஏதோ சொன்னாள், யாருக்கும் விளங்கவில்லை. பர்மியச் சொல் தேடினாள், அதுவும் வரவில்லை. தோ சான் யி சிரிப்பை அடக்கிக்கொண்டு பர்மியத்தில் மெல்லக் கேட்டார்: “தங்கச்சி, நீ சொல்வது எந்த லை?”

ஃபக்ருன்னிசாவின் காதுமடல் சிவந்தது. அந்தப் பதிலை அவள் ஜாபரிடமே சொன்னதில்லை. தலையைக் குனிந்தபடி பர்மியத்தில் சொன்னாள்: “அவரை எனக்குப் பிடிக்கும்.”

தோ சான் யி அதை மொழிபெயர்த்ததும், எதனால் என்று அம்மாள் கேட்டுச் சொல்லச் சொன்னார். ஃபக்ருன்னிசா பர்மியத்திலேயே சொன்னாள். “கல்யாணமான புதுசில் சட்டி எடுக்க அவரோட த்வாண்டேக்குப் போனேன். படகுல ஏறும்போது என் செருப்பு ஒண்ணு கால்வாயில விழுந்துடுச்சு. நான் வெறுங்காலோட நடந்தேன். திரும்பிப் பார்த்தா அவரும் செருப்பைக் கழட்டிக் கையில் வச்சிருக்கார். அன்னைக்கு முழுக்க அப்படியேதான் நடந்தார். ஏன்னு நானும் கேக்கல, அவரும் சொல்லல.”

தோ சான் யி மொழிபெயர்த்து முடித்தபோது அம்மாள் தாம் எழுதியதை நீளமாக ஒரு கோடு போட்டு அடித்தார். கோடு நல்லதா கெட்டதா என்று தெரியாமலே ஃபக்ருன்னிசா வீடு வந்தாள். சட்டியைத் தட்டினால் எல்லாம் ஒரே சத்தமாகக் கேட்டது. மழைக்காலம் தொடங்கிய பிறகுதான் பாஸ்போர்ட் வந்தது, உள்ளே விசா ஒட்டி.

அன்று சாயங்காலம் ஹாஜரா வீட்டுக்கு ஜாபரின் ஃபோன் வந்தது. “என்னா புள்ள, கெடச்சிருச்சா?” என்று அவன் கத்துவது கூடம் முழுக்கக் கேட்டது. ஃபக்ருன்னிசா வாயைத் திறந்தாள். மூன்று பாஷையிலும் ஒன்றும் வரவில்லை.

“ஹலோ? ஃபக்ரு? லைன்ல இருக்கியா?”

அவள் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஆமாம் ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டிக்கொண்டே நின்றாள்.