தரங்கம்பாடியிலிருந்து வராத படகு

என் மனைவியின் தம்பி அதிராம்பட்டினத்துக்குப் பக்கத்தில் ஒரு தென்னந்தோப்பு வாங்கினார். தோப்போடு ஒரு படகும் வந்தது. பம்ப்செட் கொட்டகைக்குப் பின்னால் கவிழ்த்துப் போட்டு மேலே கீற்று அடுக்கியிருந்தார்கள். வேறு யாராவது என்றால் விறகாக்கியிருப்பார்கள். இவர் அதை ஒரு சுற்று சுற்றி வந்து, "டேனிஷ்காரன் வேலைங்க அத்தான்" என்றார்.

காரணம் படகு இல்லை, சம்பந்தி. மைத்துனரின் மகளுக்கு நிச்சயமாகியிருந்த வீட்டார், டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டி ஆண்ட தரங்கம்பாடிப் பூர்வீகம். அந்த மனிதர் காபியைக்கூட, டேனிஷ்காரர்கள் தன் பாட்டனாரின் பாட்டனாருக்குக் கற்றுக்கொடுத்த மாதிரிதான் குடிப்பார். அவர்களைப்போல நாங்களும் டேனிஷ் மிஷன் வழிவந்த லுத்தரன் புராட்டஸ்டன்டுகள்தான். ஆனால் எங்கள் முன்னோர்கள் ஞானஸ்நானத்தோடு நிறுத்திக்கொண்டவர்கள். சாமான் எதையும் வாங்கி வைக்கவில்லை. அந்தக் குறையைப் படகு தீர்க்கும் என்று மைத்துனர் நம்பினார். அதைச் சரிசெய்து, கல்யாணம் முடிந்த கையோடு பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஏற்றி, தோப்பை ஒட்டி ஓடும் ஆற்றில் ஒரு சுற்று விடுவதாகச் சம்பந்தியிடம் வாக்கும் கொடுத்துவிட்டார்.

படகு கட்டும் ஆசாரியிடம் போனில் பேசியபோது, "எந்த ஊர் கட்டு, கடலுக்குச் செஞ்சதா காயலுக்குச் செஞ்சதா, அதத் தெரிஞ்சிக்கிட்டுக் கூப்பிடுங்க. தெரியாம கைய வச்சா பலகை பலகையாப் பிரிஞ்சிடும்" என்று வைத்துவிட்டார். கண்டுபிடிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. என் தகுதி, வீட்டில் புத்தகங்கள் இருக்கின்றன என்பதுதான். எங்கள் குடும்பத்தில் பல்வலிக்கும் என்னைத்தான் கேட்பார்கள்.

அடிப்பலகையில் இரும்புப் பட்டை அடித்த நான்கு துளைகள் இருந்தன. "நங்கூரம் கட்ட" என்றார் மைத்துனர். நங்கூரத்தைப் படகுக்கு அடியில் கட்டிய ஒரே இனம் டேனிஷ்காரர்களாகத்தான் இருக்கும். ஆள் வைத்து நிமிர்த்தினோம். முன்பக்கம் அன்னத்தின் கழுத்துபோல வளைந்திருந்தது. பச்சைப் பெயின்டைச் சுரண்டினால் நீலம், அதற்கும் கீழே தங்க நிறம். நடுவில் ஒரு சாண் அகலத்தில் பீடம்.

"கேப்டன் உக்கார்ற எடம்."

அந்தக் கேப்டன் முருங்கைக்காய்போல இருந்திருக்க வேண்டும் என்று எனக்கு அப்போதே தோன்றியிருக்கலாம். தோன்றவில்லை. பீடத்தைச் சுற்றிப் பலகையில் கெட்டியாகப் படிந்திருந்த மெழுகில் நான் லயித்துவிட்டேன். தண்ணீர் புகாமலிருக்க ஐரோப்பியர்கள் மெழுகு பூசுவார்கள் என்று எங்கோ படித்த நினைவு. படித்தேனா, நானே நினைத்துக்கொண்டேனா என்பது வேறு விஷயம். என் வயதில் இரண்டும் ஒன்றுதான். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நாலு பத்தி எழுதிப் போட்டேன். மைத்துனர் அதைச் சம்பந்திக்கு அனுப்பினார். சம்பந்தி பதிலுக்குக் கைகூப்பும் படம் அனுப்பினார். படகு டேனிஷ் ஆகிவிட்டது.

அடுத்த ஞாயிறு, போட்டோ எடுப்பதற்காக அந்த மெழுகில் ஒரு துண்டு பெயர்த்தேன். உள்ளே திரி இருந்தது.

மெழுகுவர்த்தி. பிறகு மற்றவையெல்லாம் தாமாகவே பேசின. பீடம் மாதா சொரூபத்துக்கு. துளைகள் சக்கரத்தின் அச்சுக்கு. தோப்பை விற்றவர்கள் கத்தோலிக்கர்கள். ஏதோ ஒரு மாதா கோயில் திருவிழாவில் தெருத்தெருவாக இழுத்துப்போன கப்பல் சப்பரம் இது. ஆயுளில் ஒருமுறைகூட ஆற்றைப் பார்த்திராத படகு.

மைத்துனரிடம் சொன்னேன். "மாதாவா? நம்ம தோப்புலயா?" என்று முகம் கோணினார். அடுத்த நிமிடமே தேறிவிட்டார். "இருக்கட்டுமே. படகு மாதிரிதான இருக்கு, மெதக்காதா?"

நாலு துளையையும் துணியால் அடைத்துவிட்டு, பம்ப்செட் குழாயைத் தூக்கிப் படகுக்குள் விடச் சொன்னேன். உள்ளே விட்ட தண்ணீர் நின்றால், வெளித் தண்ணீர் உள்ளே வராது. தண்ணீர் நிற்கவில்லை. ஒவ்வொரு இடுக்கிலும் பீச்சியடித்தது.

"மரம் ஊறினா அடஞ்சிடுங்க" என்றார். சாயங்காலம் வரை ஊறவிட்டோம். அன்றைக்குத் தென்னைகளுக்கு நல்ல பாய்ச்சல்.

"தார் அடிச்சி விட்டா ஒரு சுத்து தாங்காதா அத்தான்? சொல்லிட்டேனே. சம்பந்தி மொகத்துல எப்டி முழிக்கிறது?"

"பொண்ணு தண்ணியில கெடக்கறப்ப, அவரு மொகத்தயா பாத்துக்கிட்டு நிப்பீங்க?"

நான் வீரனாகப் பேசியதோடு சரி. சம்பந்தியைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லுங்கள் என்று நானும் சொல்லவில்லை. என் நாலு பத்தியும் அவர் போனில் இருக்கின்றன. மகளின் உயிர் ஒருபக்கம், எங்கள் இரண்டு பேரின் மானம் மறுபக்கம். பெரிய மனிதர்கள் இருவரும் சேற்றில் நின்றுகொண்டு யோசித்தோம்.

தஞ்சாவூரில் வேலை பார்க்கும் அந்தப் பெண்ணே அப்போது வந்து சேர்ந்தாள். ஒழுகும் படகைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள். விஷயத்தைக் கேட்டுக்கொண்டாள்.

"எனக்குத் தண்ணின்னா பயம், ஏற மாட்டேன்னு நானே சொல்லிடறேன். விடுங்கப்பா."

கல்லூரியில் நீச்சலுக்குக் கோப்பை வாங்கியவள் அவள். பெற்றவர் கொஞ்சமாவது வெட்கப்படுவார் என்று எதிர்பார்த்தேன். "அப்டியே சொல்லிடும்மா" என்றார்.

கல்யாணத்தன்று, கோயிலைவிட்டு வெளியே வந்ததும், மாமியாரிடம் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். அந்த அம்மாள் அவள் கன்னத்தை வழித்து முத்தமிட்டாள்.

"நல்லவேள கண்ணு! இவருக்குப் படகுன்னாலே வாந்தி. தன்னையும் ஏறச் சொல்லிடுவாங்களோன்னு ராத்திரியெல்லாம் ஒரே பொலம்பல்."

சம்பந்தி கோபுரக் கடிகாரத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். பந்தியில் என் பக்கத்து இலையில்தான் உட்கார்ந்தார். முதல் வாய் பிரியாணி உள்ளே போனதும், வருத்தத்தோடு என் பக்கம் சாய்ந்தார்.

"பொண்ணு கொஞ்சம் பயந்த சுபாவம் போலருக்குங்களே?"

"ஆமாங்க" என்றேன்.