எல்லாரும் சொன்ன எட்டுக் குடம்

நுண்பொருளியலில் நான் ஒரு தடவை விழுந்தவள். அதை மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. பதுளையில் அரசாங்க அலுவலக வேலை, சனி ஞாயிறு பொது நிர்வாக டிப்ளோமா வகுப்பு. மற்றப் பாடங்கள் எப்படியோ ஒப்பேறிவிட்டன, இது மட்டும் காலை வாரிவிட்டது. இரண்டாவது தடவையும் விழுந்தால் டிப்ளோமாவே கிடையாது. கவுன்டரில் வந்து நிற்கிற சனங்களுக்கு நின்று நிதானமாகப் பதில் சொல்லத் தெரிந்தவளுக்கு இந்த வளைந்த கோடுகள் எதற்கு என்று புத்தகத்தோடு சண்டை பிடித்திருக்கிறேன். புத்தகம் அசைந்து கொடுக்கவில்லை.

இரண்டாவது தடவை சார் ஒரு ஒப்படை கொடுத்தார். ஒரு பொருளின் விலை கூடினால் சனங்கள் அதை எவ்வளவு குறைத்துக்கொள்கிறார்கள் என்று சொந்த ஊரிலேயே விசாரித்து, கேள்வி வளையி, அதாவது விலை ஏற ஏற வாங்குவது குறைகிறதைக் காட்டுகிற கோடு, கீறிக் கொண்டுவர வேண்டும். "விலை என்றால் காசுதான் என்றில்லை. எதைக் கொடுத்து ஒன்றை வாங்குகிறோமோ அதெல்லாம் விலைதான்" என்றார். அன்றைக்குத்தான் அந்தப் பாடம் முதல் முதலாக என் மண்டையில் ஏறியது. நான் தண்ணீரை எடுத்துக்கொண்டேன். எங்கள் லயத்தில் தண்ணீருக்கு விலை நடைதான்.

எங்கள் தேயிலைத் தோட்டம் பெரகலயிலிருந்து கீழே இறங்கிப் போகிற பக்கம். லயம் என்றால் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகப் பன்னிரண்டு வீடு, கோடியில் ஒரு குழாய். ஒரு வீட்டில் அம்மா தனியாக இருக்கிறாள். நான் பதுளையில் போர்டிங், மாதம் ஒரு தடவை போவேன். அந்த மாதம் நோட்டுப் புத்தகத்தோடு போய் வீடு வீடாக ஏறினேன். குழாய் பத்து அடியில் இருந்தால் ஒரு நாளைக்கு எத்தனை குடம் எடுப்பீங்க? நூறு அடி என்றால்? முந்நூறு அடி என்றால்?

முதல் வீட்டில் எட்டு, எட்டு, எட்டு. இரண்டாவது வீட்டிலும் அதே எட்டு. ஐந்து பிள்ளைகள் இருக்கிற வீட்டிலும் எட்டு, தனியாக இருக்கிற அம்மாவும் கண்ணைச் சிமிட்டாமல் எட்டு! எனக்கு வந்ததே கோபம். பக்கத்து வீட்டு அத்தையைப் பிடித்துக்கொண்டேன்.

"என்னாங்க அத்த இது, வெளையாடுறீங்களா? பத்து அடிக்கும் எட்டு, முந்நூறு அடிக்கும் எட்டா?"

அத்தை வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னது: "எத்தன சொன்னா ஒனக்கு மார்க்கு கூட வரும்னு எங்களுக்குத் தெரியல புள்ள. ஆளுக்கு ஒண்ணு சொன்னா நீ கொழம்பிப் போவ. எல்லாரும் ஒண்ணா எட்டுன்னு சொல்லிருவோம்னு கொழுந்து எடுக்கறப்பவே பேசி வச்சிக்கிட்டோம்."

இதுகளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? தலையில் அடித்துக்கொள்வதா, கட்டிப்பிடிப்பதா? போர்டிங்கில் கூட இருக்கிறவள், "நீயே நம்பரப் போட்டு எழுதேன்டி, சார் என்ன லயத்துக்கு வந்தா பாக்கப் போறாரு?" என்றாள். அப்படியே எழுத உட்கார்ந்தும்விட்டேன். பேனா ஓடவில்லை. திரும்ப ஊருக்குப் போய் நானே கண்ணால் எண்ணிப் பார்ப்பது என்று முடிவெடுத்தேன்.

அடுத்த மாதம் பௌர்ணமிக்கு விடுகிற போயா லீவோடு இரண்டு நாள் சேர்த்து எடுத்துக்கொண்டு போனால், மழையில் மண் சரிந்து குழாய் உடைந்து கிடக்கிறது. தண்ணீருக்கு எல்லாரும் தேயிலைக்குக் கீழே ஊற்று விழுகிற பீலிக்குத்தான் இறங்க வேண்டும். முந்நூறு அடிக்குக் குறையாது, திரும்பி வருவது முழுக்க ஏற்றம். சனங்கள் கஷ்டப்படுகிற நேரத்தில் சந்தோஷப்பட்டது பாவம்தான், ஆனாலும் பட்டேன். எனக்கு விலை ஏறிவிட்டதல்லவா!

வாசலில் ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்துகொண்டு எந்த வீட்டுக்குள் எத்தனை குடம் போகிறது என்று நோட்டில் கோடு கோடாகப் போட்டேன். எட்டு சொன்னவர்களெல்லாம் நாலுக்கும் ஐந்துக்கும் இறங்கிவிட்டார்கள். துணியைப் பீலியிலேயே துவைத்தார்கள், பிள்ளைகளை அங்கேயே குளிப்பாட்டினார்கள். மூன்றாம் நாள் குழாய் சரியானது, பழையபடி ஒன்பதும் பத்தும் போனது. ஆகா, புத்தகத்தில் இருக்கிற அதே சரிவு! அப்படியே எழும்பி ஆடலாம் போலிருந்தது.

ஒரு வீட்டுக் கோடு மட்டும் சரியவில்லை. குழாய் இருந்தாலும் மூன்று குடம், பீலி என்றாலும் மூன்று குடம். அது எங்கள் வீடு.

முதல் நாள் காலையிலேயே நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பத்தான் பார்த்தேன். உள்ளே எல்லாம் நிரம்பியிருந்தது. "ரொம்பித்தான் இருக்கு, நீ போய் எண்ணு" என்றாள் அம்மா. அவளுக்கு முட்டி மடங்காது, பீலிக்கு இறங்க முடியாது. அப்புறம்தான் கவனித்தேன். ஏற்றம் ஏறி வருகிற அத்தை தன் வீட்டைத் தாண்டி எங்கள் வாசலில் ஒரு குடத்தை வைத்துவிட்டுத் திரும்பிப் போனது. கொஞ்சம் கழித்து ஐந்து பிள்ளைக்காரி. அந்தியில் கடைசி வீட்டு அக்கா. மறுநாள் வேறு மூன்று பேர்.

"எத்தன நாளா இப்பிடிம்மா?"

"முட்டி போனதுலருந்து. நாலு வருஷமா இருக்கும்."

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா படிப்ப விட்டுட்டு வந்துருவ. அதான் யாரும் சொல்லல."

நாலு வருஷம்! மாதா மாதம் வந்து, நிரம்பிய குடத்திலிருந்து மொண்டு குடித்துவிட்டு பஸ் ஏறியிருக்கிறேன். பக்கத்துக் குழாய்தானே, அம்மா மெல்ல நடந்து தூக்குகிறாள் என்றே நினைத்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. பலகையைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு அடுப்புப் பக்கம் போய் அழுதேன்.

கூடப் படிக்கிறவர்கள் அந்த ஒரு வீட்டை வெட்டிவிடச் சொன்னார்கள், படம் அழகாக வருமாம். நான் வெட்டவில்லை. வகுப்பில் சார் அந்தக் கோட்டில் பேனாவை வைத்தார்.

"பதினொரு வீடு சரியுது. இது மட்டும் ஏன் நட்டக்குத்தா நிக்குது? எண்ணினதில பிழையா?"

"இல்ல சார், எங்க வீடு. அம்மா நடக்கல, மத்தவங்க நடந்தாங்க. அவங்க வீட்டுத் தண்ணியக் குறைச்சாங்க, எங்க வீட்டுத் தண்ணிய மட்டும் குறைக்கல."

சார் பேனாவைக் கோட்டிலிருந்து எடுத்துப் படத்தின் அடியில் வைத்தார். "இப்ப சொன்னத அப்பிடியே கீழ எழுதுங்க" என்றார்.

பாஸாகிவிட்டேன். சேதி சொல்ல ஊருக்குப் போன அன்று அத்தை தலையில் குடத்தோடு வந்துகொண்டிருந்தது.

"எட்டுன்னுதானே எழுதுன?"

"ஆமா அத்த. எட்டுன்னுதான் எழுதுனேன்."

"பாத்தியா! நாங்க அப்பவே சொன்னோம்ல."

குடம் எங்கள் வீட்டுக்கு என்று தெரிந்தது. "குடுங்க அத்த, நான் தூக்குறேன்" என்று கையை நீட்டினேன். அத்தை கொடுக்கவில்லை.

"ஒனக்கு எண்ணத்தான் தெரியும். தள்ளு புள்ள" என்று என்னை இடித்துக்கொண்டு எங்கள் வாசலுக்குப் போனது.