கேட்டுவிட்டு ஏலம் கேட்டவர்

செய்தி வந்தபோது நான் ஒன்பதாம் வகுப்பில் பிழைதிருத்தம் நடத்திக்கொண்டிருந்தேன். சுயம்பு அண்ணனின் மகள் ஷீபா போனில் அழைத்து, "டீச்சர், அப்பா போயிட்டாரு. குளிச்சிட்டு வந்து கட்டில்ல இருந்தாரு, அப்படியே சாஞ்சிட்டாரு" என்றாள். பலகையில் பாதி எழுதிய வாக்கியத்தை அப்படியே போட்டுவிட்டு ஆசிரியர் அறைக்கு வந்து உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை. இனி இந்த மனிதர் என்னிடம் அதைக் கேட்கமாட்டார் என்ற நிம்மதிதான் முதலில் வந்தது. அந்த நிம்மதியை நினைத்து எனக்கே அருவருப்பாக இருந்தது. அவர் கேட்காமல் விட்ட கேள்வி என்ன என்று சொல்லத்தான் நம் தமிழ்ச் சங்க மலருக்கு இதை எழுதுகிறேன்.

கேரள எல்லையில் பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை வரை அவரை அறியாதவர்கள் குறைவு. நம்மில் பலருக்கு அவர் முதலில் வீடு கட்டித்தந்த மேஸ்திரி. கல்ஃப் பணமும் ரப்பர் பணமும் வந்த காலத்தில் இரண்டு மாடிக்குக் குறைந்து யாரும் வீடு கட்டவில்லை. பிறகு ரப்பர் விலை விழுந்தது. கொரோனாவோடு கல்ஃபுக்குப் போனவர்களும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பினார்கள். அண்ணன் கட்டிய வீடுகளின் சுவரிலேயே பேங்க்காரர்கள் ஜப்தி நோட்டீஸ் ஒட்டத் தொடங்கினார்கள். விற்கலாம் என்றால் வாங்க ஆள் இல்லை, புதிதாகக் கட்டவும் ஆள் இல்லை. வேலை நின்றுபோன அண்ணன், வீடு தேடுகிறவர்களுக்காக பேங்க் ஏலத்தில் வீடு எடுத்துக்கொடுக்கும் தொழிலுக்கு வந்தார். சுவரில் முஷ்டியால் இரண்டு தட்டு தட்டி, எங்கே ஈரம் இறங்குகிறது என்று சொல்லிவிடுவார். வருஷக்கணக்கில் டைல் வெட்டும் மெஷினோடு கிடந்ததில் இடது காது மட்டும் மந்தம்.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. ஏலத்துக்கு முன்பு அந்த வீட்டு வாசலுக்குப் போவார். உள்ளே காலெடுத்து வைக்கமாட்டார். வெளியே நின்று, "நான் கேக்கட்டா?" என்று வீட்டுக்காரரிடம் கேட்பார். வேண்டாம் என்றால் அந்த ஏலத்தின் பக்கமே போகமாட்டார். இது என்ன கூத்து அண்ணே என்று நான் கேலி செய்தபோது அவர் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "டீச்சரே, மலையாளத்தில லேலம் விளிக்கியது ஆக்கும். விளிக்கியதுக்கு தொண்டை இருந்தா போரும். நம்ம பாஷையில ஏலம் கேக்கியது. கேக்கணும்னா எதிர ஒரு ஆளு வேணும் இல்லியா?" இருபது வருஷமாகத் தமிழ் சொல்லிக்கொடுக்கிற எனக்கு அந்தச் சொல்லில் அப்படி ஒரு மனிதர் நிற்பது அன்றுவரை தெரியாது.

கள்ளிக்காட்டில் ஒரு வீட்டில், கல்ஃபிலிருந்து திரும்பிய ஒருவர் வாசலுக்கு வந்து, "எலே, கட்டினதும் நீ, பிடுங்க வந்ததும் நீயா?" என்று கத்தினார். அண்ணன் கையிலிருந்த ஏல விளம்பரத்தை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு திரும்பிவிட்டார். அந்த வீட்டை வேறு யாரோ எடுத்தார்கள். உங்களால் அவருக்கு என்ன லாபம், வீடு எப்படியும் போயிற்றே என்று நான் கேட்டேன். "போச்சு, செரிதான். எனக்க கையால போகல்ல" என்றார். இப்போதெல்லாம் ஏலம் கம்ப்யூட்டரில்தான் நடக்கிறது. ஆள் முகமே பார்க்காமல் பொத்தானை அமுக்கினால் வீடு கைமாறிவிடும். அதற்குப் பிறகும் அவர் வீடுவீடாக நடப்பதை நிறுத்தவில்லை. மற்ற தரகர்கள் அவரைப் பார்த்துச் சிரிப்பார்கள், அவருக்கு அது ஒரு பொருட்டே அல்ல.

எனக்கு வீடு வேண்டியிருந்தது. பதினான்கு வருஷத்தில் ஆறு வாடகை வீடு மாறிய அலுப்பு. ஒற்றசேகரமங்கலத்தில் ஒரு வீடு ஏலத்துக்கு வந்தது. மூன்று அறை, வேனலிலும் வற்றாத கிணறு, பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போகலாம். அந்த மாதிரி வீட்டைச் சந்தையில் வாங்க எனக்கு இன்னொரு ஜென்மம் வேண்டும். பார்த்த அன்றே எந்தச் சன்னலுக்கு என்ன நிறத் திரை போடுவது என்றுகூட மனசுக்குள் முடிவுசெய்துவிட்டேன். ஆசை என்றால் சாதாரண ஆசை இல்லை.

அந்த வீட்டில் தமிழும் பேசும் மலையாளியான லீலா சேச்சி தனியாக இருந்தார். கடன் வாங்கிய கணவர் இறந்துபோயிருந்தார். வீட்டின் தெற்குப் பக்கம் அவரை எரித்த இடத்தில் ஒரு தென்னங்கன்று நட்டிருந்தார்கள். அண்ணனும் நானும் போனபோது சேச்சி கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். அண்ணனின் இடது பக்கம் அவர், வலது பக்கம் நான். "அம்மா, நான் கேக்கட்டா?" என்றார் அண்ணன். சேச்சி திரும்பவில்லை. தென்னங்கன்றைப் பார்த்தபடி, தனக்குள் பேசுவதுபோல, "நாங்க ரெண்டாளும் இங்கேருந்து போவமாட்டோம்" என்றார். பிறகு சட்டென்று எங்கள் பக்கம் திரும்பி, "கேட்டோ" என்றார். அண்ணன் கைகூப்பினார். சேச்சி உள்ளே போய்விட்டார்.

நம் ஊர்ப் பேச்சை அறியாதவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். மலையாளத்தில் 'கேட்டோ' என்பது பேச்சின் கடைசியில் ஒட்டிக்கொண்டு வரும் வால். சொன்னது காதில் விழுந்ததா என்று பொருள். நாமோ எடுத்துக்கொள் என்பதை 'எடுத்தோ' என்றும் இருந்துகொள் என்பதை 'இருந்தோ' என்றும் சொல்கிறவர்கள். அந்தக் கணக்கில் 'கேட்டோ' என்றால் கேட்டுக்கொள். சேச்சி சொன்னது முதல் பொருளில். மந்தக் காதுக்காரருக்கு முதல் வாக்கியம் விழவில்லை, கடைசிச் சொல் மட்டும் விழுந்தது. ஸ்கூட்டர் பக்கம் வந்ததும் அவர் முகம் மலர்ந்து சொன்னார்: "அவிய சம்மதிச்சாச்சு டீச்சரே. கேட்டோன்னு சொன்னாவ இல்லியா?"

எனக்கு இரண்டு வாக்கியமும் விழுந்திருந்தது. பிள்ளைகள் ஒற்றெழுத்து விட்டால்கூடச் சிவப்பு மையால் சுழிக்கிறவள் நான். அன்று, "ஆமாண்ணே" என்றேன்.

வீடு எனக்கு விழுந்தது. வீட்டைக் கைமாற்றித் தரும் நாளில் பேங்க்காரர்களும் கோர்ட்டு நியமித்த வக்கீல் கமிஷனரும் இரண்டு பெண் போலீஸும் வந்தார்கள். அண்ணன், சேச்சியின் சாமான்களை ஏற்றிக்கொடுக்கத் தன் செலவில் ஒரு டெம்போ கொண்டுவந்திருந்தார். சேச்சி கதவை விட்டு அசையவில்லை. "அம்மா, நீங்க சொல்லித்தானே நான் கேட்டேன்" என்றார் அண்ணன். "நான் என்ன சொன்னேன்? போவமாட்டோம்னு சொன்னேன். இந்த டீச்சரும் கூடத்தானே நின்னாவ" என்றார் சேச்சி. அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார். நான் கையிலிருந்த புதுப் பூட்டைப் பார்த்தேன். போலீஸ்காரிகள் சேச்சியைக் கைத்தாங்கலாக வெளியே கொண்டுவந்தார்கள். அண்ணன் சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்து டெம்போவில் வைத்தார்.

அதன்பிறகு அவர் ஒரு ஏலத்துக்கும் போகவில்லை. ஏன் விட்டுவிட்டார் என்று உங்களில் பலர் என்னிடம் விசாரித்தீர்கள். வயசாயிற்று என்று சொல்லி வைத்தேன். ஊரில் எல்லாரிடமும் கேட்டுக்கொண்டு திரிந்த மனிதர், உனக்குக் கேட்டதா என்று என்னிடம் மட்டும் கேட்கவில்லை. வழியில் பார்த்தால் பழையபடி, "டீச்சரே, சுகம் உண்டா?" என்பார். என்றைக்காவது கேட்டுவிடுவார் என்று பயந்தே அவர் வீட்டுப் பக்கம் போவதைக் குறைத்தேன். ஒரே ஒரு முறை என் வாசலுக்கு வெளியே வந்து நின்று, "அவிய வருஷத்தில ஒரு நாளு இஞ்ச வந்து அந்தத் தென்னைக்க மூட்டில ஒரு வெளக்கு வைக்கட்டா?" என்று கேட்டார். வைக்கட்டும் என்றேன். மூன்று வருஷமாக அவரே சேச்சியைக் கூட்டிக்கொண்டு வந்தார். விளக்கு வைத்து முடியும்வரை அவர் மட்டும் வெளியில் நிற்பார். உள்ளே வாருங்கள் என்று எத்தனை முறை அழைத்தும் வந்ததில்லை.

துக்கவீட்டில் லீலா சேச்சியைப் பார்த்தேன். காஞ்சிரங்குளத்தில் தங்கை வீட்டோடு இருக்கிறார். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அண்ணன் எனக்கிட்ட எல்லாம் சொன்னாரு டீச்சரே. அவருக்கு செவி கேக்காததுதான் காரணமாம். டீச்சரு தூர நின்னதினால அவங்களுக்கும் கேக்கல்லன்னு சொன்னாரு" என்றார். வீடு பார்க்கப் போன அன்று நான் அண்ணனை ஒட்டித்தான் நின்றேன். ஒரு முழம் தூரம்கூட இல்லை. எனக்காக அந்த மனிதர் சொல்லிவைத்த பொய்யின் மேல் உட்கார்ந்துகொண்டு, அன்றும் நான் தலையை ஆட்டினேன். இதற்கு மேல் என்னைப் பற்றி நான் என்ன சொல்வது?

நம் சங்க மலருக்காக இதை எழுதி முடித்தபோது இன்னொன்று உறைத்தது. லீலா சேச்சிக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அவருக்குத் தெரியாத எழுத்தில் உண்மையைச் சொல்வதும் வாயை மூடிக்கொண்டிருப்பதும் ஒன்றுதான். சுயம்பு அண்ணனிடமிருந்து எனக்கென்று வைத்துக்கொள்ள ஏதாவது உண்டென்றால், வாசலுக்கு வெளியே நின்று கேட்கும் அந்த மரியாதை ஒன்றுதான். அதைக்கூட நான் இன்னும் சம்பாதிக்கவில்லை. நேற்று பஸ் ஏறி காஞ்சிரங்குளத்துக்குப் போனேன். வெளியே நின்று, "சேச்சி, உள்ள வரட்டா?" என்று கேட்டேன். அவர் வாசல்படிக்கு வந்து நின்றார். நின்ற இடத்திலிருந்தே சொன்னேன்: "அன்னைக்கு நீங்க சொன்னது எனக்குக் கேட்டுது."

"அறியும்" என்றார் சேச்சி. "அந்த மனுசனுக்குப் பொய் சொல்லத் தெரியாது. உங்களுக்குக் கேக்கல்லன்னு சொல்லும்பமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. டீச்சரே, நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தாலும் எனக்க வீடு போயிருக்கும். வேற ஆரெங்கிலும் எடுத்திருப்பாவ. ஆனா அவரு இப்படி உள்ளுக்குள்ள நீறிச் செத்திருக்கமாட்டாரு."

எனக்கு அழுகை அப்போதுதான் வந்தது. அவர் என்னை உள்ளே அழைக்கவும் இல்லை, போ என்று சொல்லவும் இல்லை. திரும்பி நாலடி நடந்திருப்பேன். பின்னால் அவர் குரல் வந்தது.

"அடுத்த மாசம் வெளக்கு வைக்க நான் தனியா வாறேன். வாசலப் பூட்டப்படாது, கேட்டோ."

"கேட்டுது, சேச்சி" என்றேன்.